மயக்கம் தெளிந்தபோது கேட்டது

கர்ப்பப்பைக்குள் கேமரா விட்டுப் பார்க்கப் போகிறார்கள் என்று சொன்னதும் என் மாமியார் கேட்ட முதல் கேள்வி, அந்தப் படத்தை நாமும் பார்க்கலாமா என்பதுதான். கும்பாபிஷேக வீடியோவைப் போல வீட்டு டிவியில் போட்டுப் பார்க்கிற ஒன்றாக அவர் நினைத்திருக்க வேண்டும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வாரம் முழுக்க நான் சிரித்தது அதற்கு மட்டும்தான்.

எங்கள் வீடு நாமக்கல்லை விட்டுச் சற்றுத் தள்ளி, மோகனூர் போகிற சாலையில் இருக்கிறது. கணவர் ஒரு நண்பருடன் சேர்ந்து லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறை நடத்துகிறார். நாளெல்லாம் சுத்தியல் சத்தத்திலும் வெல்டிங் சத்தத்திலும் நின்று பழகியவர் என்பதால் வீட்டிலும் கத்தித்தான் பேசுவார். உப்புக் கேட்டால்கூடத் தெருவுக்கே கேட்கும். நான் ஒரு கோழித் தீவன ஆலையில் வேலை பார்க்கிறேன். மக்காச்சோள லோடு வந்தால் மூட்டைகளில் குத்தூசி விட்டுக் கொஞ்சம் மணிகளை எடுத்து, ஈரம் எவ்வளவு, பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

கல்யாணமாகி வெகுகாலம் கழித்து ஒருமுறை கரு தங்கியது. மூன்றாம் மாதம் ஸ்கேனில் துடிப்பு இல்லை என்றார்கள். உள்ளூர் ஆஸ்பத்திரி ஒன்றில் சுத்தம் செய்து அனுப்பினார்கள். அழுதோம், பிறகு எழுந்து வேலைக்குப் போனோம். அதற்குப் பிறகு எனக்கு மாதவிலக்கு வருவதே பெயருக்குத்தான் என்றாகிவிட்டது. ஒரு நாள், அதுவும் கறையாக. நாள் முழுக்க லாரிக்கும் லேபுக்கும் நடக்கிறவளுக்கு அது வசதியாகக்கூட இருந்தது. அதில் ஏதோ செய்தி இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. யாரும் சொல்லவும் இல்லை.

சேலத்தில் ஒரு பெண் டாக்டரைப் பார்க்கப் போனபோதுதான் அந்தக் கேமராப் பேச்சு வந்தது. ஸ்கேனில் கர்ப்பப்பையின் உள்தோல் வளரவே இல்லை என்றார். கருவைச் சுத்தம் செய்த பிறகு சிலருக்கு உள்ளே தழும்பு விழுந்து, சுவரும் சுவரும் ஒட்டிக்கொள்ளுமாம். செய்தவர்கள் தப்புச் செய்தார்கள் என்றில்லை, சிலருக்கு அப்படி ஆகிவிடும் என்றார். மயக்கம் கொடுத்துக் கேமராவை உள்ளே விட்டுப் பார்க்கலாம். ஒட்டியிருந்தால் அப்போதே பிரித்துவிடலாம். வயிற்றில் கத்தி படாது, தையல் கிடையாது, சாயங்காலமே வீட்டுக்குப் போய்விடலாம். “சின்ன ப்ரொசீஜர்தாம்மா” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட மணியை அழுத்தினார்.

எனக்குக் கேமராவைப் பற்றிப் பயமில்லை. மயக்கத்தைப் பற்றித்தான் பயம். ஆலையில் என்னோடு வேலை செய்யும் அக்கா ஒருவர் குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டவர். முதுகுத்தண்டில் ஊசி போட்டதையும் கால் மரத்துப் போனதையும் ஒரு மதிய உணவு நேரம் முழுக்கச் சொன்னார். பிறகு டாக்டரிடம் கேட்டால், எனக்கு அது இல்லையாம். கை நரம்பில் மருந்து போட்டு, கொஞ்ச நேரத்துக்கு முழுதாகத் தூங்க வைப்பார்களாம். எழாமலே போய்விட்டால்? பாதியில் விழிப்பு வந்துவிட்டால்? போனில் தேடிப் படித்துப் பயத்தை வளர்த்துக்கொண்டேன். மயக்கத்தில் ஏதாவது உளறுவேனா என்றும் டாக்டரிடம் கேட்டேன். சிலர் உளறுவார்கள், நாங்கள் எதையும் காதில் போட்டுக்கொள்வதில்லை என்றார்.

முந்தின நாள் போட ஒரு மாத்திரை கொடுத்திருந்தார்கள், கர்ப்பப்பையின் வாய் இளக. அதைப் போட்ட கொஞ்ச நேரத்தில் அடிவயிற்றைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தது. இது இருக்கும் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. சுருண்டு படுத்துக்கொண்டேன். மாமியார் நல்லெண்ணெய் தேய்க்க வந்தார். வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்ததால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. விடியும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

கணவருடைய நண்பரின் காரில் போனோம். மாமியாரும் கூட வந்தார். ஆஸ்பத்திரியில் எங்களை உட்கார வைத்த தளத்திலேயே பிரசவ வார்டும் இருந்தது. ஒரு கதவு திறக்கும்போதெல்லாம் குழந்தை அழும் சத்தம் வெளியே வந்தது, மூடினால் நின்றது. மாமியார் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல சகுனம் என்று என் காதில் சொன்னார்.

நர்ஸ் வந்து பச்சை நிற அங்கி கொடுத்தார். முதுகுப் பக்கம் நாடாவால் கட்டுகிற அங்கி, எப்படிக் கட்டினாலும் ஒரு பக்கம் திறந்துகொண்டது. தோடு, மூக்குத்தி, வளையல், மெட்டி எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார். மெட்டி வரவில்லை. மாமியார் குளியலறையிலிருந்து சோப்பை எடுத்துவந்து, தரையில் உட்கார்ந்து, என் காலை மடியில் வைத்துக்கொண்டு கழற்றினார். அவர் என் காலைத் தொட்டது எனக்குக் கூச்சமாக இருந்தது. தாலிக் கொடியையும் கழற்ற வேண்டும் என்றபோது மட்டும் அவர் எழுந்து நின்றுவிட்டார். நர்ஸுக்கு இது புதிதில்லை போலிருக்கிறது. கொடியைச் சுருட்டிக் கழுத்தோடு வைத்துப் பிளாஸ்திரி ஒட்டிவிட்டார்.

உள்ளே குளிர். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் வயதானவர், கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். ஆடுகிற பல் இருக்கிறதா, ஆஸ்துமா உண்டா, கடைசியாக எப்போது சாப்பிட்டேன், எடை எவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். புறங்கையில் ஊசி ஏற்றி குளுக்கோஸ் ஓடிக்கொண்டிருந்தது. விரல் நுனியில் ஏதோ கிளிப் மாட்டினார்கள், அதற்குப் பிறகு என் நெஞ்சுத் துடிப்பு தலைக்குப் பின்னால் பீப் பீப் என்று கேட்டது. கால்கள் இரண்டையும் தூக்கித் தாங்கிகளில் வைத்துக் கட்டினார்கள். அதுதான் மிகவும் மோசமான நேரம். வலி எதுவும் இல்லை. ஆனால் அத்தனை பேர் நடமாடுகிற வெளிச்சத்தில் அப்படிக் கிடப்பதற்கு என்னை யாரும் தயார்ப்படுத்தியிருக்கவில்லை.

என்ன வேலை பார்க்கிறேன் என்று அந்தப் பெரியவர் கேட்டார். சொன்னேன். மக்காச்சோளத்தில் பூஞ்சை இருப்பது எப்படித் தெரியும் என்று கேட்டார். என்னைப் பேச வைக்கத்தான் கேட்கிறார் என்று தெரிந்தும் விளக்கமாகச் சொல்ல ஆரம்பித்தேன். “இப்ப கையில கொஞ்சம் எரியும்மா” என்றார். ஊசிக் குழாயில் பால்போல வெள்ளையாக ஒரு மருந்து இருந்தது. முழங்கை வரை ஒரு எரிச்சல் ஏறியது. மணியின் மூக்குப் பக்கம் கறுத்திருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன்.

அவ்வளவுதான். கனவு இல்லை, இருட்டும் இல்லை. தூங்கி எழுந்தால் நேரம் போனது உடம்புக்குத் தெரியும். இதில் தெரியவில்லை. வெள்ளை மருந்துக்கும் அடுத்த நினைவுக்கும் நடுவில் எதுவுமே கிடையாது. நான் இன்னொரு அறையில், கம்பளிக்குள், பல் கிட்டித்து நடுங்கிக்கொண்டிருந்தேன். தொண்டை வறண்டிருந்தது. அடிவயிற்றில் விலக்கின் முதல் நாள் வருகிற பிடிப்பு. தொடைகளுக்கு நடுவே நாப்கின் வைத்திருந்தார்கள், அதில் ஈரம் கசிவது தெரிந்தது. கணவர் கட்டிலை ஒட்டி நின்றுகொண்டிருந்தார். என் கை அவருடைய கைக்குள் இருந்தது.

முடிந்துவிட்டதா என்று கேட்டேன்.

“முடிஞ்சுதுங்கறாங்க. எல்லாஞ் சரியாயிருச்சாம். நீ தூங்கு” என்றார். மெதுவாகச் சொன்னார். இந்த மனிதருக்கு இப்படிக்கூடப் பேச வருமா என்று நினைத்தேன். ஆஸ்பத்திரி என்பதால் அடக்கிப் பேசுகிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

டாக்டரை நான் பார்க்கவில்லை. என் கேஸை முடித்துக் கணவரிடம் பேசிவிட்டு, நேராக ஒரு பிரசவத்துக்குப் போய்விட்டாராம். ஒருமுறை வாந்தி வந்தது, வெறும் பித்தம். பிறகு டீயும் பன்னும் கொடுத்தார்கள். சிறுநீர் கழித்துவிட்டால் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். நாப்கின் நிரம்பி நிரம்பி வழிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே வரச் சொன்னார்கள். தலை லேசாகச் சுற்றியது. ஆனால் மனம் நிறைந்திருந்தது. எழுந்துவிட்டேன், உளறவில்லை, வலி தாங்க முடிகிற வலிதான். இதற்கா இவ்வளவு பயந்தோம் என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

நேராக ஊருக்குப் போகலாம் என்றார் கணவர். மாமியார் விடவில்லை, செவ்வாய்ப்பேட்டைக் கடைவீதிக்குள் போய்விட்டுத்தான் போக வேண்டும் என்றார். அந்தச் சந்துகளுக்குள் கார் நுழையாது என்று அவர் சொல்லிப் பார்த்தார். கடைசியில் முனையில் காரை நிறுத்திவிட்டு இருவரும் இறங்கிப் போனார்கள். நான் பின் சீட்டில் காலை மடக்கிப் படுத்திருந்தேன். ஆட்டோக்காரர்கள் ஹாரன் அடித்தபடி உரசிக்கொண்டு போனார்கள். மாமியார் பாதாம், பேரீச்சம்பழம், பனங்கற்கண்டு, பூண்டு என்று இரண்டு பை நிறைய வாங்கிவந்தார். புண் ஆறி, உள்ளே பலம் ஏற வேண்டுமாம். பைகளை முன்சீட்டில் வைக்கும்போது கணவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் பற்றித்தான் எனக்கு எழுதவே முடியவில்லை. நான் சந்தோஷமாக இருந்தேன். இரத்தக் கசிவு சில நாட்களில் நின்றுவிட்டது. மாமியார் தினமும் காலையில் ஊறவைத்த பாதாமைத் தோலுரித்து, சின்னத் தட்டில் வைத்துக் கொடுப்பார். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே நிற்பார். குலதெய்வத்துக்குக் கிடா வெட்டுவதாக வேண்டிக்கொண்டிருந்தார். நான் சின்ன அறையைக் காலி செய்ய ஆரம்பித்தேன். பழைய துணி மூட்டைகளையும் பட்டறைச் சாமான்களையும் வெளியே எடுத்துப் போட்டேன். ஜன்னலை ஒட்டிய இடத்தில் காற்று நன்றாக வந்தது. கணவர் வாசற்படியில் வந்து நின்று பார்த்தார். “இப்ப எதுக்கு இதெல்லாம்” என்றார். கனமானதைத் தூக்கக் கூடாது என்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நாட்களில் அவர் சீக்கிரமே பட்டறைக்குப் போய், இருட்டிய பிறகுதான் வந்தார்.

மறுபடி காட்ட வரச் சொல்லியிருந்த நாளில் இருவரும் அதே காரில் சேலம் போனோம். தான் மட்டும் போய் மாத்திரை வாங்கி வருவதாக அவர் சொல்லிப் பார்த்தார். டாக்டர் பார்க்க வேண்டியது என்னைத்தானே என்று நான் கிளம்பிவிட்டேன்.

டாக்டர் காய்ச்சல் இருந்ததா, வாடை ஏதும் உண்டா என்று கேட்டார். பிறகு, “உங்க வீட்டுக்காரர் சொல்லியிருப்பார். எங்களால முடிஞ்சவரைக்கும் பார்த்தோம்மா” என்றார். எனக்குப் புரியவில்லை. கணவரைப் பார்த்தேன். அவர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து வைத்துக் காட்டினார். இப்படி ஒட்டியிருக்கிறது என்றார். ஓரமாகக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தார்களாம், உள்ளே போக வழியே கிடைக்கவில்லையாம். அதற்குமேல் போனால் கர்ப்பப்பையில் ஓட்டை விழுந்துவிடும் என்று நிறுத்திவிட்டார்களாம். கேமராவில் எடுத்த படத்தையும் காட்டினார். வெள்ளையாக ஏதோ தெரிந்தது. எனக்கு அதில் எதுவும் புரியவில்லை. இன்னொரு தடவை செய்து பார்க்கலாமா என்று கேட்டேன். வேறு இடத்தில் வேண்டுமானால் காட்டிப் பாருங்கள் என்றார். “ஆனா நம்பிக்கை கொடுத்து அனுப்ப எனக்கு மனசு வரலைம்மா” என்றார். தத்தெடுப்பதைப் பற்றியும் ஏதோ சொன்னார். நான் எழுந்துவிட்டேன்.

மல்லூர் வந்ததும் கணவர் நெடுஞ்சாலையை விட்டுக் காரைப் பனமரத்துப்பட்டிப் பக்கம் திருப்பினார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. ஏரிக்கரையில் கொண்டுபோய் நிறுத்தினார். தண்ணீர் எங்கோ தூரத்தில் கிடந்தது, இந்தப் பக்கம் முழுக்கச் சீமைக் கருவேலம். என்ஜினை அணைத்த பிறகும் ஸ்டியரிங்கை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

யாருக்கெல்லாம் தெரியும் என்று கேட்டேன். தனக்கு மட்டும்தான், அம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை என்றார்.

“எங்கிட்ட ஏனுங்க சொல்லலை?”

ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். பிறகு, “மயக்கந் தெளியறப்ப நீ என்ன சொன்னேன்னு உனக்கு நெனப்பு இருக்குதா?” என்று கேட்டார்.

எனக்கு நினைவில்லை. முடிந்ததா என்று கேட்டதுதான் என் முதல் நினைவு.

“அது அப்புறமேல்ட்டு. அதுக்கு முன்னாடி நீ கண்ணே தொறக்கலை. பக்கத்துல ஏதோ ரூம்புல குழந்தை அழுதுட்டே இருந்துச்சு. நீ என் கையப் புடிச்சுக்கிட்டு, பாப்பா அழுவுது, தூக்குங்கன்னு சொன்ன. ரெண்டு மூணு தடவை சொல்லிப்போட்ட. நான் அப்பத்தான் டாக்டர்கிட்டப் பேசிட்டு உள்ள வாரேன். என்ன பண்ணட்டும்?” நிறுத்தி, மூச்சை இழுத்துக்கொண்டார். “தூக்கிட்டேன்னு சொன்னேன். அப்பறந்தான் சும்மா இருந்த.”

கோபப்பட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் அந்தக் கரைக்கு வந்திருந்தேன். என் உடம்பு, என் கர்ப்பப்பை, எல்லோருக்கும் முன்னால் எனக்குச் சொல்லியிருக்க வேண்டும் என்று வாய்வரை வந்திருந்தது. அது அப்படியே நின்றுவிட்டது. எனக்குத் தெரியாத ஏதோ ஒரு நிமிடத்தில் எனக்கு ஒரு குழந்தை இருந்திருக்கிறது, அதை அவர் தூக்கியும் இருக்கிறார். அந்த நிமிடம் என்னிடம் இல்லை. அவரிடம்தான் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டுதான் பாதாம் தட்டையும் நான் அறையை ஒழித்ததையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அவர் அழவில்லை, தோள்கள் மட்டும் குலுங்கின. நான் அவரைத் தொடவில்லை. தொட்டிருக்கலாம்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர் கண்ணாடி அருகே வந்து குனிந்து, வண்டி ரிப்பேரா என்று கேட்டார். இல்லைங்க என்றார் கணவர். சாவியைத் திருப்பினார்.

தானே அம்மாவிடம் சொல்லிவிடுவதாக வழியில் சொன்னார். வேண்டாம், நான் சொல்கிறேன் என்றேன். மறுநாள் காலை மாமியார் பாதாம் தட்டை நீட்டியபோது, இனி வேண்டாமுங்க அத்தை என்று சொல்லி, உட்கார வைத்து, டாக்டர் சொன்னதைச் சொன்னேன். உள்ளங்கைகளைச் சேர்த்தும் காட்டினேன்.

“நல்லாப் பாத்தாங்களா சாமி? கேமராவுல நல்லாப் பாத்துத்தான் சொன்னாங்களா?”

“நல்லாப் பாத்தாங்க அத்தை.”

தட்டைக் கீழே வைத்தார். அன்று மதியம் யாரும் சமைக்கவில்லை. சில நாள் கழித்து ஓமலூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டு வாரேன் என்று கிளம்பினார். போனவர் வெகுநாள் தங்கிவிட்டார். திரும்பி வந்த பிறகு என்னிடம் ஒரு சுடுசொல்லும் சொன்னதில்லை. ஆனால் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். மகன் வழியில் ஒரு வாரிசுக்கு அவருக்கும் வேறு வழி இல்லை. ஒரே மகன்.

கோயம்புத்தூரில் இன்னொரு டாக்டரிடமும் காட்டினோம். படத்தைப் பார்த்துவிட்டு அவரும் அதையேதான் சொன்னார், இன்னும் மென்மையாக. தத்தெடுப்பதைப் பற்றி ஒருமுறை பேச்செடுத்தேன். பார்க்கலாம் என்றார் கணவர். அந்தப் பேச்சு பிறகு வரவில்லை. சின்ன அறையில் பட்டறைச் சாமான்கள் மறுபடி வந்து சேர்ந்தன. அவர் இப்போதெல்லாம் வீட்டில் கத்திப் பேசுவதில்லை. முன்பு அவருடைய சத்தத்தைக் குறைக்கச் சொல்லி எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறேன். எங்கே குழந்தை அழுதாலும், பஸ்ஸிலோ கல்யாண மண்டபத்திலோ, அவர் என்னைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்புவார். நானும் திரும்பிக்கொள்வேன்.

சில மதியங்களில் அந்த வெள்ளை மருந்தை நினைத்துக்கொள்கிறேன். சாக வேண்டும் என்றல்ல. அந்த எரிச்சலுக்குப் பிறகு வந்த ஒன்றுமில்லாமையை மட்டும். எவ்வளவு தூங்கினாலும் அது கிடைப்பதில்லை. தூக்கத்தில் எல்லாம் கூடவே வருகிறது.

அண்மையில் ஆலையில் பில் போடும் பெண் ஒருத்தி என்னிடம் வந்தாள். அவளுக்கு உதிரப்போக்கு நிற்கவில்லையாம், மயக்கம் கொடுத்து உள்ளே சுரண்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பப் போகிறார்களாம். ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் பெற்றவள். மயக்கம் எப்படியிருக்கும், பயமாக இருக்குமா என்று கேட்டாள். எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். தண்ணீர்கூடக் குடிக்காமல் போக வேண்டும். மெட்டியை வீட்டிலேயே கழற்றிவிடு. கை எரியும், அப்புறம் ஒன்றும் தெரியாது. எழும்போது குளிரும், பெரிய நாப்கினாக எடுத்துப் போ. நாலைந்து நாள் கசிவு இருக்கும். கூட யார் வருகிறார்கள் என்று கேட்டேன். வீட்டுக்காரர் என்றாள்.

“நல்லா நெனப்பு வந்த பொறகு டாக்டரையே வந்து உங்கிட்டச் சொல்லச் சொல்லு. என்ன ஆனாலும் மொதல்ல உங்கிட்டத்தான் சொல்லோணும்னு முன்னாடியே சொல்லி வெச்சுரு” என்றேன். எதற்கு என்று விளங்காமலே தலையாட்டினாள்.

அடுத்த வாரமே வேலைக்கு வந்துவிட்டாள். முகம் தெளிந்திருந்தது. பயப்படும்படி ஒன்றும் இல்லை, மாத்திரையிலேயே சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டார்களாம். என் மேசை அருகே வந்து நின்று, “நீங்க சொன்ன மாதிரியேதானுங்க்கா இருந்துச்சு. ஒண்ணுமே தெரியலை” என்றாள்.

ஆமாம், ஒன்றும் தெரியாது என்றேன். அவள் போன பிறகு குத்தூசியை எடுத்துக்கொண்டு அடுத்த லோடைப் பார்க்கப் போனேன்.